காற்று கிறுகிய இரவு: 1978 மட்டக்களப்புச் சூறாவளியும் வீட்டுக் காப்பும்

மட்டக்களப்பின் வாவிக்கரைக் கிராமங்களில் மூத்தவர்களிடம் ஒருவரின் வயதைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டைச் சொல்வதற்கு முன் "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்றுதான் தொடங்குவார்கள். கல்யாணம், காணி விற்பனை, மரணம், வழக்கு எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத்தான். போர் வந்து அதற்கென்று வேறு கணக்குகளைக் கொண்டுவந்தது. 2004இல் கடல் வந்தது. ஆயினும் "சூறாவளி" என்று அடைமொழி எதுவுமின்றிச் சொன்னால் எங்கள் பகுதியில் அது 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி, வியாழக்கிழமை இரவைத்தான் குறிக்கும்.

இப்போது வருகின்ற புயல்களுக்குப் பெயர்கள் உண்டு. வட இந்து சமுத்திரத்தில் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் ஆரம்பமாயிற்று. 1978இல் வந்ததற்குப் பெயரில்லை. அது பெயரில்லாமல் வந்து எங்கள் ஊரின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு போயிற்று. இன்றும் அது மட்டக்களப்புச் சூறாவளிதான்.

வரலாற்றுத் தகவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நவம்பர் நடுப்பகுதியில் வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் ஒரு வாரத்துக்குள் கடும் சூறாவளியாக வலுப்பெற்று, 23ஆம் திகதி மட்டக்களப்புக் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரை எட்டியதாகக் கணிக்கப்பட்டது. மட்டக்களப்பு, அம்பாறை, பொலனறுவை மாவட்டங்களை உழுதுகொண்டு போய், தீவைக் குறுக்கே கடந்து, மறுநாள் மாலை தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைப் பகுதியில் மீண்டும் கரையேறியது. பின்னாளில் தொகுக்கப்பட்ட கணக்குகளின்படி இலங்கையில் இறந்தோர் 915 பேர். பாதிக்கப்பட்டவர்கள் பத்து இலட்சத்துக்கும் அதிகம். முழுதாகவோ பகுதியாகவோ சேதமடைந்த வீடுகள் ஏறத்தாழ 250,000. மட்டக்களப்பின் மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒன்று போயிற்று. மாவட்டத்தின் பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது அழிந்தன. 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் சாய்ந்தது.

ஓராண்டுக்கு முன்னர், 1977 நவம்பர் 19ஆம் திகதி, ஆந்திராவின் திவிசீமைப் பகுதியைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேரளவில் இறந்திருந்தார்கள். அதை எங்கள் வீட்டில் பத்திரிகையில் வாசித்தார்கள். உச்சுக்கொட்டினார்கள். அது வேறொரு தேசத்தின் செய்தியாக மடித்து வைக்கப்பட்டது. செய்தி என்பது பிறருக்கு நிகழ்வது என்ற எண்ணம் வாசகனுக்கு மட்டுமல்ல, அதை எழுதுகிறவனுக்கும் உண்டு என்பதைப் பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற் பட்டையில் இருந்தது. மட்டக்களப்பின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. படும் பக்கத்துக் கரை படுவான்கரை. எழுவான்கரையில் ஊர்களும் தென்னந்தோட்டங்களும் நெருங்கியிருக்கும். படுவான்கரையில் வயல்களும் மாட்டுப்பட்டிகளும். இரண்டுக்கும் இடையில் தோணியும், மனிதரையும் வண்டியையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் "பாதை"யுந்தான் போக்குவரத்து. கார்த்திகை மாதத்தில் பெரும்போக வயல் பார்க்க ஆண்கள் பலர் படுவான்கரை வாடிகளில் தங்கியிருப்பார்கள். எனவே அந்த வியாழக்கிழமை பல வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் மட்டுமே இருந்தார்கள். சூறாவளியைப் பற்றி எழுதியவர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை.

அக்காலத்தில் இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. அது அடுத்த ஆண்டுதான் வந்தது. இருந்தது வானொலி. எங்கள் வீட்டு வானொலி பற்றரியில் இயங்குவது. செய்திக்கும் நாடகத்துக்கும் மட்டும் திறக்கப்படும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று செய்தியில் சொன்னதை அப்பா கேட்டார். ஆனால் மாரிகாலத்தில் தாழமுக்கம் என்பது எங்களுக்கு மழையின் மறுபெயர். மழை வரும், வெள்ளம் வரும், முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், வடிந்துவிடும். 1957 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட தலைமுறைக்கு நீரை எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். காற்றை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மணிக்கு இத்தனை மைல் வேகம் என்று ஒருவர் சொன்னால், அந்த வேகத்தில் ஒரு தகரத் தகடு என்ன செய்யும் என்று கற்பனை செய்ய எங்களிடம் அனுபவம் இல்லை.

ஒருவரைத் தவிர. அது எங்கள் பெத்தா, அதாவது தாய்வழிப் பாட்டி. 1907 மார்ச் மாதத்தில் கிழக்கு மாகாணத்தை ஒரு சூறாவளி தாக்கியது. மார்ச் என்பது சூறாவளிக்குரிய பருவமே அல்ல. அதனாலேயே அது அந்தக் கால மனிதரை அதிகம் அச்சுறுத்தியிருக்க வேண்டும். அப்போது பெத்தா கைக்குழந்தை. தன் தாய் சொன்ன கதையாகவே அதை அறிந்திருந்தாள். அவளுக்கு எழுத்து வாசனை குறைவு. ஆனால் எழுபது ஆண்டுகளாக ஒரு வாக்கியத்தைப் பாதுகாத்து வைத்திருந்தாள்.

மாலையில் மழையுடன் வாடைக்காற்று வலுத்தது. வடக்கிலிருந்து வந்தது. குசினிக் கூரைக் கிடுகு முதலில் பறந்தது. எல்லோரும் பெரிய வீட்டுக்குள் வந்தோம். அது செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட, அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. அயலில் ஓலை வீடுகளில் இருந்த நான்கு குடும்பங்களும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்பா வடக்குக் கதவுக்கு உரலை அண்டை கொடுத்தார். அரிக்கன் லாம்பைக் கொளுத்தி நடு அறையில் வைத்தார்கள். அந்தப் பெயர் ஆங்கிலேயர் சூறாவளிக்கு வைத்த சொல்லிலிருந்து வந்தது என்பதைப் பின்னர் படித்தபோது சிரித்தேன். சூறாவளிக்கென்று பெயரிட்ட லாம்பு சூறாவளியன்று பத்து நிமிடமும் நிற்கவில்லை.

அப்பா அப்போது ஒரு காரியம் செய்தார். காற்று வரும் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்துவிட்டால் உள்ளே புகும் காற்று வெளியேறிவிடும், கூரை பிழைக்கும் என்று அவர் எங்கோ கேட்டிருந்தார். தெற்குச் சன்னலைத் திறந்துவிட்டார். இந்த நம்பிக்கை உலகின் பல பாகங்களிலும் இருந்தது. கட்டடப் பொறியியலாளர்கள் பிற்காலத்தில் இதைத் தவறென்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். காற்று வீட்டுக்குள் புகுந்தால் கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே வேகமாகச் செல்லும் காற்று அதை உறிஞ்சும். இரண்டும் சேரும்போது ஓடும் மரமும் நிற்பதில்லை. எல்லாத் திறப்புகளையும் அடைத்து வைப்பதே காப்பு. ஆனால் அன்றிரவு நான்கைந்து மணிநேரம் அப்பாவின் சன்னல் எந்தத் தீங்கும் செய்யவில்லை. காற்று வடக்கிலிருந்தல்லவா வந்தது!

மரங்கள் முறியும் ஓசையை நான் எதனோடும் ஒப்பிடமாட்டேன். பின்னாளில் ஷெல் விழும் ஓசையைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அது வேறு. இது இடைவெளி இல்லாதது.

பிறகு, நடு இரவை அண்டி, எல்லாம் நின்றது. மழைகூட விட்டது. வானத்தில் ஓரிரு வெள்ளி தெரிந்ததாக அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். ஒரே அமைதி. ஆண்கள் கதவைத் திறந்தார்கள். அயல்வீட்டு மாமா ஒருவர், வாவியில் மீன் பிடிப்பவர், தன் தோணியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அப்பாவும் மாட்டைப் பார்க்க வாசலில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். அப்போதுதான் மூலையில் சுருண்டு கிடந்த பெத்தா எழுந்து கத்தினாள்.

"போகாத மனே! காத்து நிண்டிற்று எண்டு போகாத. அது கிறுகி வரும்!"

கிறுகுதல் என்றால் எங்கள் பேச்சில் திரும்புதல். அப்பா திரும்பி வந்தார். அவர் மாமியாரின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர் என்பதுதான் காரணம். நம்பி வந்ததாகச் சொல்ல முடியாது. தோணி பார்க்கப் போனவர் வாவிக்கரையை நோக்கி இருட்டில் வெகுதூரம் போயிருந்தார். கூப்பிட்ட குரல் அவருக்குக் கேட்கவில்லை.

அரைமணி நேரம் இருக்கலாம். பிறகு காற்று வந்தது, தெற்கிலிருந்து. வாடையாகப் போனது சோளகமாக வந்தது. யாருக்கும் தெற்குச் சன்னலின் நினைவில்லை. அதன் வழியே புகுந்த காற்று முதல் சில கணங்களிலேயே எங்கள் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பிள்ளைகளை நெல் வைக்கும் பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளி, மேலே பாயும் சாக்கும் போட்டு, அதன்மேல் பெண்கள் கவிழ்ந்து கிடந்தார்கள். விடியும்வரை அப்படித்தான். தோணி பார்க்கப் போனவரை இரண்டு நாளின் பின் கண்டெடுத்தார்கள்.

இதன் விஞ்ஞானம் எளிமையானது. சூறாவளி ஒரு சில்லுப்போலச் சுழல்வது. எங்கள் அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி அது வரும்போது, அதன் நடுக்கோட்டில் இருப்பவர்களுக்கு முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும். நடுவே "கண்" எனப்படும் அமைதிப் பகுதி கடக்கும். அது சில நிமிடங்களாகவோ ஒரு மணி நேரமாகவோ இருக்கலாம். கண் போனதும் மறுபாதி வரும். காற்று நேர் எதிர்த்திசையிலிருந்து வீசும். வடக்குக் காற்றில் சாய்ந்து, வேர் ஆட்டங்கண்டு நின்ற மரங்களையும் சுவர்களையும் அது எளிதாக முடித்துவிடும். வடக்குத் தெற்காகக் கிடக்கும் ஆழமில்லாத வாவிக்கும் இதுவே நேரும். ஒரு காற்று நீரை ஒரு முனைக்குத் தள்ளும். மறுகாற்று அதைத் திருப்பிக்கொண்டு வரும். இதையெல்லாம் நான் பல்கலைக்கழகத்து நூலகத்தில் படித்தேன். பெத்தா ஐந்தாறு சொல்லில் சொல்லிவிட்டாள்.

மட்டக்களப்பைப் பற்றிய நூல்கள் எங்களிடம் இல்லாமலில்லை. எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த "மட்டக்களப்பு மான்மியம்" 1962இலும் வித்துவான் வி. சீ. கந்தையாவின் "மட்டக்களப்புத் தமிழகம்" 1964இலும் வெளிவந்தன. குடிகளும் கோவில்களும் கூத்தும் நாட்டார் வழக்கும் அச்சேறின. அந்தப் பணியின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வீட்டை எப்படிக் காக்கவேண்டும் என்ற அறிவு கிழவிகளின் வாயில் இருந்தது. அதைக் கேட்டு எழுதவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். பெத்தா 1983இல் காலமானாள். அவளிடம் 1907ஐப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்டு வைக்கவில்லை.

மறுநாட் காலைப் பொழுதைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வாசலில் நின்றால் கடல் தெரிந்தது. அதுவரை தெரிந்ததில்லை. இடையில் இருந்த தென்னை முழுவதும் தரையில் கிடந்தது. பத்து நாளுக்குக் குரும்பையும் இளநீரும் தென்னங்குருத்தும் உணவாயின. குருத்து இனிப்பாக இருக்கும். பிள்ளைகளாகிய எங்களுக்கு அது விருந்து. பெரியவர்கள் அதைத் தின்றபோது அழுததை நான் கண்டேன், காரணம் புரியவில்லை. குருத்தைத் தின்பது என்றால் மரத்தைத் தின்பது.

வெளியார் எழுதிய அறிக்கைகளில் தென்னை நட்டம் ஏக்கர்க் கணக்காக இருக்கும். அதனால் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பது அதில் இராது. கிடுகு தென்னோலையிலிருந்து வருவது. தென்னை விழுந்த இரவே வீடுகளின் கூரையும் விழுந்தது. கூரையைத் திரும்ப வேய ஓலை எங்கே? விழுந்த மரத்து ஓலையைச் சில கிழமைகளுக்குப் பின்னிப் போடலாம். பிறகு? புதிதாக நடும் தென்னை பயன்தர ஆறேழு ஆண்டு செல்லும். கயிறும் எண்ணெயும் விறகும் வேலியும் அதே மரத்திலிருந்துதான் வந்தன. கிடந்து உக்கிய குற்றிகளில் காண்டாமிருக வண்டு பெருகும். அது புதுக் கன்றின் குருத்தையே குடையும். ஆகவே விழுந்த மரங்களை வெட்டி அகற்றாத தோட்டங்களில் நட்டதும் தேறவில்லை. எழுவான்கரையில் ஓலை வீட்டின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது அந்த ஆண்டில்தான் என்பது என் கணிப்பு. நிவாரணத் தகரமும், வசதியுள்ளவர்க்கு ஓடும், பின்னர் அஸ்பெஸ்ரஸ் தகடும் வந்தன. ஓலைக் கூரை பறந்தால் ஆளைக் கொல்லாது. தகரம் பறந்தால் வாள். தகரத்தைப் போட்டவர்கள் அதை மரத்தோடு இறுக்கிக் கட்டினார்களா, மரத்தைச் சுவரோடு பிணைத்தார்களா, சுவரை அத்திவாரத்தோடு பிணைத்தார்களா என்று எவரும் பார்க்கவில்லை. இன்றும் என் ஊரில் தகரத்தின்மேல் பழைய ரயரும் செங்கல்லும் வைத்துப் பாரம் ஏற்றுகிறார்கள். காற்று வந்தால் தகரத்தோடு அந்தக் கல்லும் சேர்ந்தே வரும்.

அரசாங்கம் 600 மில்லியன் ரூபாவுக்கு மேல் செலவிட்டது என்பது கணக்கு. ஜே. ஆர். ஜயவர்த்தனா நிறைவேற்று அதிகார ஜனாதிபதியாக இருந்த முதலாண்டு அது. புதிய அரசியலமைப்பு அந்தச் செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. நிவாரணம் யாருடைய கையால் போனது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கதைகள் ஏராளம். கல்குடாவைப் பிரதிநிதித்துவம் செய்த கே. டபிள்யூ. தேவநாயகம் அமைச்சரவையில் இருந்தார். மட்டக்களப்பின் செல்லையா இராசதுரை 1979இல் தமிழர் விடுதலைக் கூட்டணியிலிருந்து ஆளுங்கட்சிக்கு மாறி அமைச்சரானார். சூறாவளிக்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்புண்டென்று அக்காலத்தில் பலர் பேசினார்கள். பேச்சு இருந்தது என்பதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

போர் வந்தது. முப்பது ஆண்டுகளில் மட்டக்களப்பு மக்கள் வேறொரு வீட்டுக் காப்பைப் பழகிக்கொண்டார்கள். வளவுக்குள் பதுங்குகுழி. ஓசை கேட்டால் தரையோடு படு, குழிக்குள் இறங்கு. பிள்ளைகளின் உடம்பில் ஊறிய பழக்கம் அது. ஆனால் வெள்ளம் வந்தால் குழிதான் முதலில் நிரம்பும். சூறாவளிக்குச் சுவரின் உட்பக்கம் ஒதுங்கவேண்டும். வெள்ளத்துக்கு மேட்டுக்கு ஏறவேண்டும். கடல் வந்தால் வீட்டையே விட்டு ஓடவேண்டும். ஒரே மணற் பட்டையில் வாழும் ஒரே குடும்பத்துக்கு, நான்கு ஆபத்துகளுக்கு நான்கு விதமான உடனடிச் செயல்கள். ஒன்றைப் பழகியவர்களை மற்றொன்று கொன்றது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி அதைக் கண்ணால் கண்டேன். அன்று மாலை கல்லடிக்குப் போனேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாக்குப்போல நீண்டிருந்த நாவலடியில் வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. தப்பிய ஒரு முதியவர் சொன்னார்: இரைச்சல் கேட்டதும் சூறாவளி என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். 1978 கற்றுக்கொடுத்த பாடம் அது. அவருடைய மனைவியும் மருமகளும் அந்தக் கதவின் பின்னாலேயே இறந்தார்கள். 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தில் ஒரே நேரத்தில் ஒரு வாகனந்தான் ஒரு திசையில் போகலாம். அன்று காலை அதில் ஓடிவந்தவர்கள் எத்தனை பேரென்று யாரும் எண்ணவில்லை. புதிய பாலம் 2013இல் வந்தது.

கடல்கோளுக்குப் பின் நடந்த இரண்டு விடயங்களை இங்கே பதிவு செய்வது அவசியம். முதலாவது கிணறு. உவர்நீர் புகுந்த கிணறுகளை உதவிக்கு வந்தவர்கள் இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் எங்கள் மணற் பட்டையில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். அதிகமாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். அப்படியே பல கிணறுகள் மேலும் கெட்டன என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். கடைசியில் மழைதான் சிறுகச் சிறுக அவற்றை நன்னீராக்கியது. ஊர்க் கிழவர்கள் சிலர் "இறைக்காதீர்கள், ஒரு மாரி போகட்டும்" என்று அப்போதே சொன்னார்கள். அவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை.

இரண்டாவது உறுதி. 1978இல் எங்கள் அம்மாவின் காணி உறுதி பெட்டகத்துக்குள் நனைந்து கூழானது. பதிவேட்டுப் பிரதி எடுக்க அப்பா பல மாதம் அலைந்தார். 2004இல் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கடலோடு போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். புதிய வீடுகள் கொடுத்தபோது பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரில் எழுதினார்கள். மட்டக்களப்பில் வீடு பெண்ணின் சொத்து. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய் மகளுக்குக் கொடுப்பது அது. நூற்றாண்டுகளாக இருந்த உரிமையை ஒரு படிவத்தின் ஒரு கட்டம் மாற்றியது. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன் பத்திரங்களைத் தடித்த பொலித்தீன் உறையில் இட்டு உயரத்தில் வைக்கச் சொல்லும்போது, அதை வெறும் சிக்கன ஆலோசனையாக எடுத்துக்கொள்ளவேண்டாம். இப்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்பியும் வைக்கலாம். என் சகோதரிகளின் உறுதிகள் என்னிடம் அப்படித்தான் இருக்கின்றன.

2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பே நாட்டில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. அடுத்த மாதமும் வெள்ளம் வந்தது. அப்போது பழைய விவாதம் திரும்பியது: பாலமீன்மடு முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது? வயற்காரருக்கு நீர் விரைவில் வடியவேண்டும். மீனவருக்கு வாவி நீர் முழுதாக ஓடிவிடக்கூடாது. தாழ்ந்த பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. முற்காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்ததை இப்போது அலுவலகக் கூட்டம் தீர்மானிக்கிறது. எவர் தீர்மானித்தாலும் அதற்கு இரண்டு நாள் செல்கிறது. வெள்ளத்துக்கு இரண்டு நாள் பொறுமை கிடையாது. வெள்ளத்தின் பின் வருவதையும் வயற்காரர்கள் நன்கறிவார்கள்: பாம்பு உலர்ந்த இடம் தேடி வீட்டுக்கு வரும், சேற்றில் வெறுங்காலுடன் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல் வரும், அறுந்து கிடக்கும் மின்கம்பியில் உயிர் இருக்கும்.

எச்சரிக்கை அமைப்பைப் பொறுத்தவரை நிலைமை மாறியிருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் நிலையம் உண்டு, 117 என்ற இலக்கம் உண்டு. பங்களாதேஷைப் பாருங்கள். 1970 நவம்பர்ச் சூறாவளியில் அங்கே குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். 1972இல் ஊர்த் தொண்டர்களைக் கொண்டு எச்சரிக்கைத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். கொடியும் ஒலிபெருக்கியும் மிதிவண்டியும். மேட்டில் தங்குமிடங்கள் கட்டினார்கள். 2007இல் சிட்ர் வந்தபோது இறந்தவர்கள் சில ஆயிரம். வறுமை அங்கேயும் நீங்கவில்லை. சொல்லவேண்டியதை அயலவரே அயலவருக்கு வந்து சொன்னார்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா வந்தது. யேமன் நாடு கொடுத்த பெயர். சொகொட்ரா தீவிலுள்ள ஒரு வாவியின் பெயராம். வாவிக்காரர்களாகிய எங்களுக்கு அது ஒரு விசித்திரமான உறவு. 1978உடன் ஒப்பிட்டால் காற்றின் வேகம் பாதிகூட இல்லை. ஆனால் மழை மலையகத்தைக் கரைத்தது. இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மண்சரிவிலும் வெள்ளத்திலும். கடற்கரையில் பிறந்தவர்கள் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, மலையில் வீட்டின் பின்பக்கம் இறங்கி வந்தது.

அந்த நாட்களில் நான் ஊரில் இருந்தேன். கோவிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தங்கை மகள் கைத்தொலைபேசியில் சுழல் வட்டம் நகர்வதைக் காட்டிக்கொண்டே இருந்தாள். மாலையில் ஓர் இளம் கிராம உத்தியோகத்தர் வீடு வீடாக வந்தார். குடிநீரைக் கொதிக்க வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், ரோச்சுக்குப் பற்றரி வையுங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள், பத்திரங்களை எடுத்து வையுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். கையில் ஒரு துண்டுப் பிரசுரமும் இருந்தது. நல்ல பிரசுரம். வாங்கி முழுவதும் வாசித்தேன்.

"தம்பி, காத்து நிண்டா என்ன செய்யிறது எண்டு இதில இல்லையே?" என்றேன்.

"நிண்டா முடிஞ்சுதுதானே ஐயா?" என்றார்.

அவர் 1978க்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவராக இருக்கவேண்டும். திண்ணையில் இருத்தி, தேநீர் கொடுத்து, பெத்தாவின் கதையைச் சொன்னேன். தெற்குச் சன்னலையும் தோணி பார்க்கப் போனவரையும் பற்றிச் சொன்னேன். அமைதி வந்தால், அது முடிவென்று வானொலி சொல்லும்வரை வெளியே இறங்கக்கூடாது. அந்த இடைவேளையில் செய்யக்கூடியது ஒன்றுதான், அதுவரை காற்றுப்படாத பக்கத்துச் சன்னலை இறுக்கிப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை அறையின் மறுபக்கத்துக்கு மாற்றுவது. அவர் தன் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்து, "கிறுகி எண்டுதான் எழுதட்டா ஐயா?" என்று கேட்டார். அப்படியே எழுதச் சொன்னேன்.